மூன்று மாவு, ஒரே அடுப்பு: எந்த பிரேக் பேட் போடலாம்?

ஆர்கானிக், செமி மெட்டாலிக், செராமிக். பெயர்தான் மூன்று, தொழிற்சாலையில் தயாராகும் விதம் கிட்டத்தட்ட ஒன்றே. நார், கிராஃபைட், உராய்வுப் பொடி எல்லாவற்றையும் சூட்டில் இறுகும் பிசினான பினாலிக் ரெசின் தூளோடு கலந்து, பசை தடவிய இரும்புத் தகட்டோடு சேர்த்து, சுமார் 150 டிகிரி சூட்டில் அச்சில் அழுத்துவார்கள். அழுத்தும்போதே அச்சை இரண்டு மூன்று முறை லேசாகத் திறந்து மூடுவார்கள். ரெசினிலிருந்து கிளம்பும் ஆவி உள்ளேயே தங்கினால் பேட் உப்பி விரிசல் விடும். பிறகு பல மணி நேரம் ஓவனில். கடைசியில் சாணை.

வித்தியாசம் மாவில் இருக்கிறது.

செமி மெட்டாலிக்கில் எஃகு நாரும் இரும்புத்தூளும் தாராளம். சூட்டைச் சீக்கிரம் கடத்தும். சுமையோடு மலை இறங்க இதுதான் சரி. ஆனால் கீச்சென்று கத்தும், பேட் கவ்விப் பிடிக்கும் சக்கரத் தட்டான டிஸ்கைத் தின்னும், வீலெல்லாம் கறுப்புத் தூசி.

ஆர்கானிக்கில், ஒரு காலத்தில் கல்நார் இருந்த இடத்தில் இன்று அராமிட் போன்ற உறுதியான செயற்கை நார்கள். சத்தமில்லை. ஊருக்குள் ஓட்ட இது போதும். சூடு ஏறினால் பிடிமானம் குறையும்.

செராமிக் என்றதும் மண்பானைபோல் சூளையில் சுட்டது என்று நினைக்கிறோம். இல்லை, இதையும் கட்டிப் பிடிப்பது அதே ரெசின்தான். எஃகுக்குப் பதில் செராமிக் நார். தூசி வெளிர் நிறம், கண்ணை உறுத்தாது. சூட்டைக் கடத்த இதில் செம்பு சேர்த்துவந்தார்கள். அந்தத் தூள் மழைநீரோடு ஆற்றுக்குப் போய் சால்மன் மீன்களைப் பாதிப்பதால், எடையில் 0.5 சதவீதத்துக்கு மேல் செம்பு கூடாது என்று 2025 முதல் கலிபோர்னியாவில் சட்டம். என் கணக்கில், செராமிக்குக்குக் கொடுக்கும் கூடுதல் காசில் பாதி வீல் அழகுக்குத்தான்.

இவ்வளவு தெரிந்தும் மலைக்கென்றே செமி மெட்டாலிக் வாங்கிப் போட்டுத்தான் ஏமாந்தேன். மலிவு ரகம், புத்தம் புதுசு. கொல்லிமலையில் 70 கொண்டை ஊசி வளைவுகள்; பாதி இறங்குவதற்குள் கருகல் நெடி. பெடல் கல்லாக இருக்கிறது, வண்டி நிற்க மாட்டேன் என்கிறது. ஓவனிலிருந்து அரைவேக்காடாக எடுத்த பேட் முதல் பெரிய சூட்டில் மிச்ச ஆவியைக் கக்கும். அது பேடுக்கும் டிஸ்குக்கும் நடுவே மெத்தைபோல் புகுந்துகொள்ளும். சில பேடுகளின் மேற்பரப்பைத் தொழிற்சாலையிலேயே சுட்டு அனுப்புவது இதற்காகத்தான். மிச்ச வளைவுகளை முதல் கியரில் உருட்டிக்கொண்டே வந்து சேர்ந்தோம்.

வேக்காடு கண்ணுக்குத் தெரியாது, ஒட்டு தெரியும். இப்போதெல்லாம் கடையில் டப்பாவைப் பிரித்ததும், தகடும் பேடும் சேரும் ஓரத்தில் நகத்தை ஓட்டிப் பார்க்கிறேன். நகம் நுழைந்தால், எந்த மாவாக இருந்தாலும் வேண்டாம்.