விளக்கு எரிகிறது என்பதால் வயரிங் சரி என்று நம்பிவிடாதீர்கள்

தென்னாப்பிரிக்காவின் டர்பன் வட்டாரத்தில், அதுவும் சாட்ஸ்வொர்த், ஃபீனிக்ஸ் பக்கம், வீட்டுக்குப் பின்னால் தனி அறை கட்டியிருப்பவர்கள் தயவுசெய்து இதைப் படியுங்கள்.

எங்கள் பின் அறைக்கு மின்சாரம் இழுத்துக் கொடுத்தவர், விளக்கைப் போட்டுக் காட்டி, முழுப் பணத்தையும் வாங்கிக்கொண்டு, வயரிங் பாதுகாப்பானது என்று உறுதிசெய்யும் சட்டப்படியான கம்ப்ளையன்ஸ் சான்றிதழ் என்று ஒற்றைத் தாளைக் கொடுத்தார். அன்று இரவே சுவிட்சை அணைத்த பிறகும் பல்பு மங்கலாக மினுங்கிக்கொண்டிருந்தது. தொலைபேசியில் கேட்டால், "எல்.இ.டி. பல்பு என்றால் அப்படித்தான் அண்ணா, பயப்படாதீர்கள்" என்றார். சுவிட்சிலேயே சிறு விளக்கு இருந்தால் சில பல்புகள் அப்படி மினுங்குவது உண்மைதான். எங்கள் சுவிட்சில் அது கிடையாது. வந்து பார்த்துவிட்டுச் சொல்லியிருக்க வேண்டாமா?

சில வாரங்களில் அந்தப் பல்பைக் கழற்றப் போனார் என் மாமியார். சுவிட்சை அணைத்துவிட்டுத்தான் தொட்டார். விரல் பல்பின் அடியிலுள்ள திருகின் உலோகத்தில் பட்டதும் மின்சாரம் தாக்கியது. மின்சாரம் கசிந்தால் தானாகவே இணைப்பைத் துண்டிக்கும் எர்த் லீக்கேஜ் சுவிட்ச் அந்தக் கணமே விழுந்ததால் இன்று எங்களுடன் இருக்கிறார்.

வேறொரு எலக்ட்ரீஷியனை அழைத்தோம். சுவிட்ச் அணைந்திருக்கும்போதே ஹோல்டரின் திருகுப் பகுதிக்கும், நிலத்தோடு இணைந்த எர்த் கம்பிக்கும் நடுவில் மீட்டரை வைத்தார். 230 வோல்ட். பிறகு கூரையடியில் இருந்த இணைப்புப் பெட்டியைத் திறந்தார். வீட்டிலிருந்து வரும் சிவப்புக் கம்பி அறைக்குப் போகும் கறுப்போடும், கறுப்பு சிவப்போடும் முறுக்கப்பட்டு, மேலே டேப் கனமாகச் சுற்றப்பட்டிருந்தது. நம் நாட்டு வீட்டு வயரிங்கில் சிவப்பு லைவ் (மின்சாரத்தைக் கொண்டுவரும் கம்பி), கறுப்பு நியூட்ரல் (அது திரும்பிப் போகும் கம்பி), பச்சை மஞ்சள் எர்த். இதை அறியாதவர் மின்வேலைக்கே வரக்கூடாது.

இந்தத் தவறு ஏன் வெளியே தெரிவதில்லை என்றால், மின்சாரம் எந்தப் பக்கமிருந்து வந்தாலும் பல்பு எரியும், ஃபிரிட்ஜ் ஓடும். நியூட்ரல் கம்பி மின்வழங்கல் பக்கத்தில் எர்த்தோடு இணைக்கப்பட்டிருப்பதால் அதன் வோல்டேஜ் ஏறக்குறைய பூஜ்யம், லைவில்தான் 230. சுவிட்ச் வெட்ட வேண்டியது லைவை. இரண்டு கம்பிகளும் இடம் மாறிப்போனால் அது நியூட்ரலை வெட்டும். விளக்கு அணையும், ஆனால் ஹோல்டரில் முழு மின்சாரமும் அப்படியே நிற்கும். எர்த் லீக்கேஜும் காட்டிக்கொடுக்காது. போகும் மின்னோட்டமும் திரும்பும் மின்னோட்டமும் சமமா என்றுதான் அது பார்க்கிறது. சுமார் 30 மில்லியாம்பியர் வேறு வழியில் கசிந்தால் விழும். எங்கள் வீட்டில் அந்தக் கசிவு ஒரு மனித உடல் வழியாக நடந்த பிறகே விழுந்தது.

நியூட்ரல் தொட்டால் ஒன்றும் செய்யாது என்று சொல்பவர்களையும் நம்பாதீர்கள். வழியில் அது அறுந்திருந்தால், போட்டு வைத்த கருவியின் வழியாக அந்தக் கம்பிக்கும் லைவ் வந்து சேரும்.

என்னைக் கொதிக்க வைத்தது அந்தத் தாள்தான். 2009ஆம் ஆண்டின் மின் நிறுவல் விதிகளின்படி சான்றிதழோடு சோதனை அறிக்கையும் இணைந்திருக்க வேண்டும். லைவும் நியூட்ரலும் சரியான இடத்தில் உள்ளனவா என்பது அந்தச் சோதனைகளில் ஒன்று. மீட்டரை வெளியே எடுக்காமலேயே கையெழுத்துப் போட்டிருக்கிறார். கேட்க அழைத்தால் இப்போது தொலைபேசியை எடுப்பதில்லை. தொழிலாளர் துறையில் புகார் கொடுத்திருக்கிறோம்.

பணம் கொடுப்பதற்கு முன் சோதனை அறிக்கையைக் கேளுங்கள், தொழிலாளர் துறையில் பதிவு பெற்றவர்தானா என்று பாருங்கள், ஒவ்வொரு பிளக் பாயின்ட்டையும் விளக்கையும் உங்கள் கண்முன்னே சோதிக்கச் சொல்லுங்கள். முகம் சுளிப்பவருக்கு ஒரு ராண்டும் கொடுக்காதீர்கள். பின் அறை வயரிங்கைச் சோதித்து முடிக்கும் வரை, பல்பு மாற்றுவதானாலும் டி.பி. போர்டில் (வீட்டின் மின் விநியோகப் பலகையில்) மெயின் சுவிட்சை இறக்கிவிட்டே தொடுங்கள். வாடகைக்கு இருப்பவர்களிடமும் இன்றே சொல்லிவிடுங்கள்.