கூட்டு மனை முதலீடு: நடத்துபவரா, பணம் போடுபவரா?

பலர் பணம் சேர்த்து ஒரு கட்டடத்தை வாங்கும்போது எந்தப் பங்கை ஏற்பது என்று தயங்குவோர் முதலில் பொறுப்பைத்தான் பார்க்க வேண்டும்.

பொறுப்பு: வரையறுக்கப்பட்ட கூட்டாண்மையில், பணம் மட்டும் போடுபவரின் இழப்பு பொதுவாக அவர் போட்ட தொகையோடு நின்றுவிடும், நடத்துபவரோ, ஒரு நிறுவனத்தின் பெயரில் நின்றாலொழிய, கூட்டாண்மையின் கடன்களுக்குத் தம் சொந்தச் சொத்தைக் கொண்டும் பதில் சொல்ல வேண்டியவர்.

உழைப்பு: நடத்துபவர் இடம் தேடி, கடன் பேசி, கூரை ஒழுகினால் நள்ளிரவிலும் ஆள் அனுப்ப வேண்டும், மற்றவர் கணக்கறிக்கையை வரிவரியாகப் படித்தால் போதும்.

வருமானம்: முதலீட்டாளருக்கு முதலில் ஆண்டுக்கு 8 சதவீதம், எஞ்சிய லாபத்தில் முதலீட்டாளருக்கு 70, நடத்துபவருக்கு 30 சதவீதம் என்று ஒப்பந்தம் இருப்பதாகக் கொண்டால், 1,00,000 போட்டவருக்கு அவ்வாண்டுக்குரிய 8,000 சேரும்வரை நடத்துபவர் லாபப் பங்கைத் தொட முடியாது. ஆனால் கட்டடத்தை வாங்கித் தருவதற்கான கொள்முதல் கட்டணமும் நிர்வாகக் கட்டணமும் லாபமில்லாத ஆண்டிலும் அவருக்குக் கிடைக்கக்கூடும். கையெழுத்திடும் முன் இதைக் கேட்காமல் விடுவது பெருந்தவறு என்பேன்.

வெளியேறுதல்: இருவருக்கும் கடினமே.

சில ஆண்டுகள் தொடாமல் வைக்கக்கூடிய சேமிப்பு உள்ளவருக்குப் பணம் மட்டும் போடும் பங்கு பொருந்தும். கட்டடத்திலும் கடனிலும் அனுபவமுள்ளவர், தம் பணத்தையும் கணிசமாகப் போட முன்வந்தால் மட்டுமே நடத்தும் பொறுப்பை ஏற்கலாம்.