ஜாக்ஸ்பி: நம்பத்தக்க கருவி, ஆனால் பிழையை வாய்விட்டுச் சொல்லாது

வங்கிகளின் ஐஎஸ்ஓ 20022 (நிதிச் செய்திகளுக்கான சர்வதேசத் தரம்) செய்திகள், பழைய சோப் (எக்ஸ்எம்எல் வழியான தகவல் பரிமாற்ற நெறி) சேவைகள் என எக்ஸ்எம்எல்லைத் தவிர்க்க முடியாத திட்டங்களில் ஜாவா நிரலாளர்கள் பெரும்பாலும் நாடுவது, எக்ஸ்எம்எல் ஆவணங்களை ஜாவா ஆப்ஜெக்டுகளாகவும் ஆப்ஜெக்டுகளை எக்ஸ்எம்எல்லாகவும் மாற்றித் தரும் ஜாக்ஸ்பியைத்தான். ஆவணத்தின் அமைப்பை வரையறுக்கும் ஸ்கீமாவான எக்ஸ்எஸ்டி கோப்பைக் கொடுத்தால் அதற்குரிய கிளாஸ்களை ஜாக்ஸ்பியின் துணைக்கருவியான எக்ஸ்ஜேசி உருவாக்கித் தருகிறது. ஆவணத்தை ஆப்ஜெக்டாக மாற்ற அதன்பின் சில வரிகளே போதும். ஸ்கீமாவை இவ்வளவு நெருக்கமாகப் பின்பற்றும் வேறொரு ஜாவா கருவியை நான் பயன்படுத்தியதில்லை. ஆயினும் இதன் சிக்கல்களில் மிகவும் தொல்லை தருபவை பிழைச்செய்தியே இல்லாமல் வருபவை.

செய்தியோடு வரும் சிக்கல்கள் எளியவை. 2006 இறுதியில் வெளியான ஜாவா 6 முதல் ஜாவாவின் உருவாக்கத் தொகுப்பான ஜேடிகேயின் பகுதியாகவே இருந்த ஜாக்ஸ்பி, 2018இல் வந்த ஜாவா 11இல் நீக்கப்பட்டது. பழைய திட்டத்தை மேம்படுத்தும்போது கிளாஸ் கிடைக்கவில்லை என்ற பிழை எழுவதும், ஏபிஐ ஜாரை (இடைமுக வரையறைகள் அடங்கிய கோப்பை) மட்டும் சேர்த்தவர்களுக்கு அதைச் செயல்படுத்தும் ரன்டைமைக் காணவில்லை என்று அடுத்த பிழை எழுவதும் இதனால்தான். இரண்டையும் டிபெண்டன்சியாக (திட்டம் சார்ந்திருக்கும் வெளி நூலகமாக) சேர்த்தால் தீர்ந்தது.

ஜாவாஎக்ஸ் என்றிருந்த பேக்கேஜ் பெயர் 3.0 பதிப்பில் ஜகார்த்தா என மாறியதன் விளைவு அவ்வளவு வெளிப்படையானதன்று. பழைய எக்ஸ்ஜேசி உருவாக்கிய கிளாஸ்களைப் புதிய ரன்டைமிடம் கொடுத்தால், அவற்றின் அனோட்டேஷன்கள் (கிளாஸில் இடப்படும் குறிப்புகள்) அதன் கண்ணில் படுவதே இல்லை. புதிய பெயரையே பயன்படுத்தும் ஸ்பிரிங் பூட் 3 என்ற ஜாவா கட்டமைப்புக்கு மாறுவோர் கிளாஸ்களையும் புதிதாக உருவாக்கிக்கொள்வதே முறை.

இனி முக்கியமான குறைக்கு வருகிறேன். ஐஎஸ்ஓ 20022 ஸ்கீமாக்களில் மூல உறுப்பான டாக்குமென்ட்டுக்குத் தனிப் பெயர் கொண்ட காம்ப்ளக்ஸ் டைப் (உள்ளுறுப்புகள் கொண்ட வகை) உண்டு. அத்தகைய டைப்புக்கு உருவாகும் கிளாஸில் எக்ஸ்ஜேசி, தன் இயல்பான அமைப்பில், எக்ஸ்எம்எல் ரூட் எலிமென்ட் அனோட்டேஷனை வைப்பதில்லை. மூல உறுப்புக்கான வழியை, உடன் உருவாக்கும் ஆப்ஜெக்ட் ஃபேக்டரி என்ற கிளாஸில் தருகிறது. அதைக் கவனிக்காதவர்கள் ஆவணத்தை ஆப்ஜெக்டாக மாற்றும் அன்மார்ஷல் அழைப்பிலேயே கிளாஸைக் குறிப்பிட்டுவிடுகிறார்கள். வேலை நடக்கிறது, ஆனால் அந்த வடிவத்தில் அழைக்கும்போது மூல உறுப்பின் பெயரும், அந்தப் பெயர் எந்தத் தொகுதியைச் சேர்ந்தது என்று காட்டும் நேம்ஸ்பேஸும் சரிபார்க்கப்படுவதில்லை. இந்தச் செய்திகளின் நேம்ஸ்பேஸில் பதிப்பு எண்ணும் அடங்கியிருப்பதால், எதிர்த்தரப்பு வேறு பதிப்பில் அனுப்பும் நாளில் உள்ளுறுப்பு எதுவும் பொருந்தாமல், எல்லாப் புலங்களும் நல் (மதிப்பே இல்லாதவை) ஆகிவிட்ட ஓர் ஆப்ஜெக்ட் அமைதியாகத் திரும்பி வரும். எக்ஸப்ஷன் எதுவும் எழாது. தெரியாத உறுப்பைக் கண்டால் கடந்து செல்வதே ஜாக்ஸ்பி 2 முதல் இயல்பான நடத்தை. அதை நெகிழ்வு என்று வாதிடலாம்தான். பணப் பரிமாற்றச் செய்தியில் அந்த நெகிழ்வு யாருக்கு வேண்டும்?

மாற்று வழியை ஜாக்ஸ்பியே வைத்திருக்கிறது என்பதையும் சொல்ல வேண்டும். அன்மார்ஷலருக்கு ஸ்கீமாவை இணைத்து, பிழை நிகழ்ந்தவுடன் நிறுத்தும் ஈவென்ட் ஹேண்ட்லர் ஒன்றையும் அமைத்துவிட்டால், எந்த வரியில் எந்த உறுப்பு பொருந்தவில்லை என்பது அங்கேயே தெரிந்துவிடும். இதைத் தானாகச் செய்யாமல் நிரலாளரின் விழிப்புக்கு விட்டதற்காகவே என் மதிப்பீட்டில் ஒரு நட்சத்திரத்தைக் குறைக்கிறேன்.

வேகத்தில் குறையில்லை, கிளாஸ்களின் விவரத்தைத் தாங்கும் கான்டெக்ஸ்டை ஒருமுறை உருவாக்கி வைத்துக்கொண்டால். அதை உருவாக்குவது செலவு மிக்கது. பல த்ரெட்கள் (ஒரே நேரத்தில் ஓடும் பணிகள்) அதைப் பகிரலாம். அன்மார்ஷலரைப் பகிரக் கூடாது, அதை ஒவ்வொரு முறையும் புதிதாகப் பெறுவதே பாதுகாப்பு. தேதிகளுக்கு எக்ஸ்ஜேசி தரும் எக்ஸ்எம்எல் கிரிகோரியன் காலண்டர் கையாள எரிச்சலூட்டுவது. ஜாவாவின் எளிய தேதி வகையான லோக்கல் டேட்டுக்கு மாற்றும் அடாப்டரைத் தொடக்கத்திலேயே எக்ஸ்ஜேசிக்கான பைண்டிங் கோப்பில் எழுதிவிடுவது நல்லது. ஸ்கீமாவே இல்லாத சிறிய எக்ஸ்எம்எல்லுக்கு இத்தனை ஏற்பாடு வேண்டியதில்லை. அங்கே ஜாக்சன் என்ற மற்றொரு ஜாவா நூலகத்தின் எக்ஸ்எம்எல் மாட்யூலே போதும்.