டெட் செட்: கண்டென்சரா, மீட்டரா, மாட்யூலா?

பழைய பிக்சர் டியூப் டிவி. சுவிட்சைப் போட்டால் சத்தமில்லை, ஸ்டாண்ட்பை எல்.இ.டி.யும் எரியவில்லை. மெக்கானிக் பாஷையில் 'டெட் செட்'. இதை எழுப்புவதில் மூன்று கட்சிகள் உண்டு. பார்க்கிற கண்டென்சரை (சார்ஜைத் தேக்கும் பாகம்) எல்லாம் மாற்று என்பது முதல் கட்சி. மீட்டரை எடுத்து வரிசையாக அளந்து பார் என்பது இரண்டாவது. பவர் சப்ளையை ஒதுக்கிவிட்டு ரெடிமேட் மாட்யூல் போடு, அதுவும் சரிப்படாவிட்டால் போர்டையே தூக்கு என்பது மூன்றாவது. நான் இரண்டாவது கட்சிக்காரன். ஆனாலும் மற்ற இரண்டையும் ஒரேயடியாகத் தள்ளிவிட மாட்டேன்.

ஒரு 21 இஞ்ச் செட்டை வைத்தே சொல்கிறேன். என் கைக்கு வரும் முன்பே யாரோ முதல் கட்சி வைத்தியம் பார்த்திருந்தார்கள். போர்டில் 11 கண்டென்சர்கள் பளபளவென்று புதிது. அதில் ஒன்று மைனஸ் பக்கம் மாறித் திரும்பி உட்கார்ந்திருந்தது. செட் அப்படியும் டெட்தான். பிளக்கைப் பிடுங்கி அரை மணி நேரம் ஆகியிருக்கும், போர்டைத் திருப்பும்போது விரல் சாலிடர் பக்கத்தில் பட்டது. தோள்பட்டை வரை ஒரு உதறல். போர்டு கீழே விழாமல் பிழைத்தது அதிர்ஷ்டம்தான்.

முதலில் சார்ஜ்

பிக்சர் டியூப்பின் அனோடில் (ரப்பர் கப் மூடியிருக்கும் ஹை வோல்டேஜ் முனை) 20,000 முதல் 30,000 வோல்ட் வரை நிற்கும் என்று எல்லோரும் பயப்படுகிறார்கள். பயப்படலாம், தவறில்லை. ஆனால் அங்கே தேங்கும் ஆற்றல் ஒரு ஜூல் அளவைக்கூடத் தொடாது. பவர் சப்ளையின் பெரிய ஃபில்டர் கண்டென்சர் வேறு ரகம். 230 வோல்ட் ஏ.சி. ரெக்டிஃபை ஆனால் சுமார் 325 வோல்ட் டி.சி. வரும். 220 மைக்ரோஃபாரட் கண்டென்சரில் அது 11 ஜூலுக்கு மேல். செட் ஓடிக்கொண்டிருந்தால், அணைத்ததும் அந்தச் சார்ஜை செட்டின் பவர் சப்ளையான எஸ்.எம்.பி.எஸ்ஸே குடித்துத் தீர்த்துவிடும். டெட் செட்டில் குடிக்க ஆளில்லை. ஃப்யூஸ் நன்றாக இருந்து, ஸ்டார்ட் மட்டும் ஆகாத செட்டில்தான் ஆபத்து அதிகம். என்னை உதறியதும் அப்படிப்பட்ட ஒன்றுதான்.

இதை இறக்க ஸ்க்ரூடிரைவரை இரு முனைக்கும் குறுக்கே வைப்பது பழைய வழக்கம். 'படார்' என்று பொறி பறக்கும், போர்டின் செம்புப் பட்டை (பிரிண்ட்) உரியும். 2.2 கிலோ ஓம், 10 வாட் ரெசிஸ்டரை நன்றாக இன்சுலேட் செய்த இரண்டு வயர்களில் கட்டி வைத்தால் இரண்டு மூன்று விநாடியில் சத்தமில்லாமல் இறங்கிவிடும். இறங்கியதை மீட்டரில் பார்த்த பிறகே கை வைக்க வேண்டும். இதில் விவாதமே தேவையில்லை, ரெசிஸ்டர்தான்.

டியூப்புக்கு வேறு முறை. டியூப்பின் வெளிக் கறுப்புப் பூச்சைத் தொட்டு ஓடும் பின்னல் வயரில் ஒரு கிளிப், மறுமுனை நன்கு இன்சுலேட் செய்த நீள ஸ்க்ரூடிரைவரின் இரும்பில். இன்னொரு கையைப் பின்னால் வைத்துக்கொண்டு, ரப்பர் கப்புக்கு அடியில் நுழைத்துத் தொட வேண்டும். சில நிமிடம் கழித்து இன்னொரு முறை. இறக்கிய டியூப்பில் சார்ஜ் கொஞ்சம் திரும்பி ஏறும். போர்டின் ஏதோ ஒரு கிரவுண்டில் இறக்கினால் பாவம், ஐ.சி.க்கள் போகும். உள்ளே வெற்றிடம் இருப்பதால் கழுத்தைப் பிடித்துத் தூக்குவதும் கூடாது.

மொத்தமாகக் கண்டென்சர் மாற்றுவது

இதற்கு ஒரு நியாயம் இருக்கிறது. ஹீட்சிங்க்கை ஒட்டி நிற்கும் 47 மைக்ரோஃபாரட், 50 வோல்ட் போன்ற குட்டி எலக்ட்ரோலிட்டிக்குகள் சூட்டில் காய்ந்துபோவது நிஜம். பவர் சப்ளையை ஓட்டும் யு.சி. 3842 வகை ஐ.சி. 16 வோல்ட் வந்தால் எழும், 10-க்குக் கீழே இறங்கினால் படுத்துக்கொள்ளும். சப்ளை பின்னில் உள்ள கண்டென்சர் வற்றிவிட்டால் ஐ.சி. எழுந்து எழுந்து விழும், 'டிக் டிக்' என்று சத்தம் கேட்கும். அந்தச் சத்தம் கேட்டால், மெயின்ஸோடு நேராக இணைந்த பிரைமரிப் பக்கத்தின் இரண்டு மூன்று குட்டிக் கண்டென்சர்களை அளக்காமலே மாற்றுவதை நான் குறை சொல்ல மாட்டேன்.

ஆடியோ, வீடியோ பகுதி வரை போய் இருபது முப்பது மாற்றுவது வேறு கதை. ஒவ்வொரு கழற்றலும் புதிதாக ஒரு பழுதுக்கு இடம் கொடுக்கிறது: பட்டை உரிதல், போலாரிட்டி (பிளஸ்-மைனஸ்) மாறுதல், சரியாகப் பிடிக்காத டிரை சாலிடர். கடைசியில் பழைய பழுது எது, நாம் உண்டாக்கியது எது என்றே தெரியாமல் போகும்.

அளந்து பார்ப்பது

இதில் பாதி வேலை கரண்ட் இல்லாமலே முடியும் என்பதுதான் எனக்குப் பிடித்தது. ஃப்யூஸின் கண்ணாடி உட்புறம் கருகி, வெள்ளி பூசியதுபோல் இருந்தால் பெரிய ஷார்ட். பிரிட்ஜ் டயோடுகள், ஸ்விட்சிங் டிரான்சிஸ்டர் அல்லது ஐ.சி., டிகாஸிங் காயிலின் (திரையில் ஏறிய காந்தத்தை நீக்கும் காயில்) பாசிஸ்டர் எனும் ரெசிஸ்டர், இந்த மூன்றையும் பார்க்க வேண்டும். டிகாஸிங் பிளக்கைக் கழற்றியதும் ஃப்யூஸ் போகாமல் நின்றால் பாசிஸ்டர்தான் கள்ளன். காயில் இல்லாமலும் செட் ஓடும், திரையில் நிறத்திட்டுகள் தங்கலாம், அவ்வளவுதான்.

அடுத்து, திரையின் கிடைவரிகளை ஓட்டும் ஹாரிசாண்டல் அவுட்புட் டிரான்சிஸ்டர். இங்கேதான் புதியவர்கள் ஏமாறுகிறார்கள். டி 1555 மாதிரி ரகத்தில் டாம்ப்பர் டயோடும், பேஸ்-எமிட்டருக்குக் குறுக்கே சில பத்து ஓம் ரெசிஸ்டரும் உள்ளேயே இருக்கும். சில மீட்டர்கள் அதற்கே கூவிவிடும். ஷார்ட் என்று நினைத்து நல்ல டிரான்சிஸ்டரைத் தூக்கிப் போட்டவர்கள் பலர். கலெக்டர்-எமிட்டர் இரு பக்கமும் பூஜ்யம் காட்டினால்தான் அது போய்விட்டது. புதிதாகப் போட்டதும் மறுபடி போனால் குற்றம் வெளியே: ஃப்ளைபேக் (ஹை வோல்டேஜ் டிரான்ஸ்ஃபார்மர்) ஷார்ட், பி பிளஸ் (ஹாரிசாண்டலுக்குப் போகும் டி.சி. வோல்டேஜ்) அதிகம், டிரைவர் டிரான்ஸ்ஃபார்மர் காலில் டிரை சாலிடர், கலெக்டரில் நிற்கும் 1600 வோல்ட் கண்டென்சர். அந்தக் கண்டென்சரின் மதிப்பைக் குறைத்துப் போடவே கூடாது, டியூப்புக்குப் போகும் ஹை வோல்டேஜ் எகிறும்.

ஷார்ட் இல்லை என்று தெரிந்த பிறகுதான் கரண்ட். நேரடியாகவா, சீரிஸ் பல்பு வழியாகவா? நேரடியாகக் கொடுத்தால் தவறிய ஒரு ஷார்ட் புதிய ஃப்யூஸையும் டிரான்சிஸ்டரையும் சேர்த்து முடிக்கும். சீரிஸில் 60 அல்லது 100 வாட் இழை பல்பு இருந்தால் அதுவே முழு வெளிச்சத்தில் எரிந்து சொல்லிவிடும். ஒரு கணம் மின்னி மங்கினால் நல்ல அறிகுறி. எல்.இ.டி. பல்பு இதற்கு உதவாது. டிகாஸிங் காயிலையும் கழற்றிவிட வேண்டும், இல்லாவிட்டால் அதன் இழுப்பே ஷார்ட் மாதிரி தெரியும். இன்னொன்று: சீரிஸ் பல்பு பொருளைக் காக்கும், ஆளைக் காக்காது. ஆளுக்கு, செட்டை மெயின்ஸிலிருந்து பிரிக்கும் ஐசலேஷன் டிரான்ஸ்ஃபார்மர் வேண்டும். அது இல்லாதவர், கரண்ட் உள்ள செட்டில் கை வைத்துப் பழக்கமில்லாதவர் இந்த இடத்தோடு நிறுத்திக்கொண்டு செட்டைத் தெரிந்தவரிடம் கொடுப்பதே சரி.

ஃபில்டரில் 300-க்கு மேல் இருந்து, டிரான்ஸ்ஃபார்மரின் மறுபக்கமான செகண்டரியில் ஒன்றுமில்லை என்றால், ஐ.சி.க்கு முதல் வோல்டேஜ் கொடுக்கும் ஸ்டார்ட்டிங் ரெசிஸ்டரைத்தான் முதலில் சந்தேகிக்க வேண்டும். பிரைமரியை அளக்கும்போது கறுப்பு புரோப் ஹாட் கிரவுண்டில் (பிரைமரிப் பக்கத்தின் மைனஸ்) இருக்க வேண்டும். செகண்டரி கிரவுண்டான டியூனர் டப்பாவில் வைத்து அளந்துவிட்டு 'வோல்ட்டே இல்லை' என்று கை வைப்பவர்களை நினைத்தால்தான் கவலை.

எஸ்.எம்.பி.எஸ் எழுந்துவிட்டால், ஹாரிசாண்டல் டிரான்சிஸ்டரை விலக்கி, பி பிளஸுக்கும் செகண்டரி கிரவுண்டுக்கும் நடுவே 60 வாட் பல்பைச் சுமையாகக் கொடுத்து அளக்க வேண்டும். சாதாரணமாக 14, 21 இஞ்ச் செட்டுகளில் 110 வோல்ட்டை ஒட்டி நிற்கும், பெரிய செட்டுகளில் 130, 140. போர்டில் அச்சடித்திருந்தால் அதுதான் கணக்கு.

மாட்யூல், போர்டு

அந்த ஸ்விட்சிங் ஐ.சி. கிடைக்கவே இல்லை, பிரைமரி கருகிப் பிரிண்டே போய்விட்டது என்றால் மாட்யூல் தேவலை. ஆனால் ஃபீட்பேக் (வெளிவரும் வோல்டேஜைப் பார்த்துத் திருத்தும் பாதை) சரியாக இல்லாவிட்டால் பி பிளஸ் எகிறிவிடும். பல்புச் சுமையில் பிரீசெட்டைத் திருகி வோல்டேஜை நிலைநிறுத்திய பிறகே ஹாரிசாண்டலை இணைக்க வேண்டும். ஹாட் பக்கத்து வயர் ஒன்று கோல்டு (செகண்டரி) பக்கத்தில் சாலிடர் ஆகிவிட்டால் ஏ.வி. சாக்கெட்டே ஷாக் அடிக்கும்.

முழு போர்டு மாற்றுவது எனக்குக் கடைசி வழி. யோக் (டியூப்பின் கழுத்தில் உள்ள காயில்) பொருந்த வேண்டும், டியூப் பேஸ் பொருந்த வேண்டும், ஹீட்டருக்கு 6.3 வோல்ட் சரியாகப் போக வேண்டும். அது ஃப்ளைபேக்கிலிருந்து வரும் 15,625 ஹெர்ட்ஸ் பல்ஸ், சாதாரண மீட்டரின் ஏ.சி. ரேஞ்சை நம்ப முடியாது. யோக் பொருந்தாவிட்டால் படம் வரும், ஆனால் அகலம் குறையும், மூலை கோணும்.

என் 21 இஞ்ச் செட்டில் கள்ளன் 220 கிலோ ஓம் ஸ்டார்ட்டிங் ரெசிஸ்டர். மேலே வண்ண வளையங்கள் சுத்தமாக இருந்தன, கருகல் ஒன்றுமில்லை, மீட்டரில் ஓபன். திரும்பியிருந்த கண்டென்சரையும் கழற்றிப் புதிதாகப் போட்டேன். சீரிஸ் பல்பு மின்னி மங்கியது, ஸ்டாண்ட்பை சிவந்தது. பல்புச் சுமையில் 112 வோல்ட். டிரான்சிஸ்டரை இணைத்து நேரடியாகக் கொடுத்ததும் 'சர்ர்' என்று திரையில் அந்தப் பழைய சிலிர்ப்பு. மீதி 10 கண்டென்சர்களை அப்படியே விட்டுவிட்டேன், அவற்றின் மேல் எனக்குக் கோபமில்லை.