தண்ணீர் வடியாத வாஷிங் மெஷின்: முதலில் சத்தத்தைக் கேளுங்கள்

எங்கள் வீட்டில் இருப்பது முன்பக்கம் கதவுள்ள வாஷிங் மெஷின். பல ஆண்டுகளாக, ஏறக்குறைய தினமும் ஓடுகிறது. துவைப்பில் இன்றுவரை குறை இல்லை. காலர் அழுக்கு போகிறது, துணி நைந்துபோவதில்லை, டிரம் சத்தமில்லாமல் சுற்றுகிறது. திரும்பத் திரும்பத் தொல்லை கொடுத்தது ஒன்றே ஒன்றுதான்: தண்ணீர் வெளியேறும் வழி.

அலசல் முடிந்து பிழிதல் தொடங்க வேண்டிய நேரத்தில் மெஷின் நின்றுவிடும். கண்ணாடிக்குப் பின்னால் சோப்புத் தண்ணீர் தேங்கியிருக்கும், கதவும் திறக்காது. கதவு திறக்காததைக் கண்டு பதற வேண்டாம்; உள்ளே தண்ணீர் இருக்கும்வரை பூட்டு விடாது, அது பாதுகாப்புக்கான ஏற்பாடு. திரையில் தெரியும் குறியீடு ஒவ்வொரு நிறுவனத்துக்கும் வேறுபடும். எல்ஜியில் ஓஇ, சாம்சங்கில் 5இ அல்லது 5சி, பாஷில் இ18. எல்லாவற்றுக்கும் பொருள், உரிய நேரத்துக்குள் தண்ணீர் வடியவில்லை என்பதே. காரணத்தை நாம்தான் கண்டுபிடிக்க வேண்டும்.

அதற்குக் காதைப் போல உதவும் கருவி வேறில்லை என்பது என் உறுதியான கருத்து. தண்ணீரை மட்டும் வெளியேற்றும் நிலையில் மெஷினை ஓடவிட்டு, கீழ்ப்பகுதிக்கு அருகே உட்கார்ந்து கேளுங்கள். பம்ப் ‘உம்ம்’ என்று முனகிக்கொண்டே ஒரு சொட்டும் வெளியே வரவில்லையென்றால், அதன் விசிறியில் ஏதோ சிக்கியிருக்கிறது. நன்றாகச் சுழலும் சத்தம் கேட்டும் தண்ணீர் நூலாக வந்தால் ஃபில்டரிலோ குழாயிலோ அடைப்பு. சத்தமே இல்லையென்றால் பம்ப்புக்கு மின்சாரம் போகவில்லை, அல்லது அதன் கம்பிச்சுருள் (காயில்) எரிந்திருக்கலாம். அது மெக்கானிக்கின் வேலை.

எங்கள் வீட்டில் பெரும்பாலும் முதல் இரண்டுதான் நடந்தன. மெஷினின் முன்பக்கக் கீழ்மூலையில் ஒரு சிறு கதவு இருக்கும், அதற்குள்தான் ஃபில்டர். பிளக்கைப் பிடுங்கிவிட்டு, வெந்நீரில் துவைத்திருந்தால் ஆறும்வரை காத்திருங்கள். ஃபில்டருக்குப் பக்கத்தில் மெல்லிய ரப்பர் குழாய் இருந்தால், அதன் மூடியை எடுத்துத் தட்டையான பாத்திரத்தில் தண்ணீரை வடியவிடுங்கள். பாத்திரம் நிறைய நிறைய மூடி, கொட்டி, மறுபடி வைக்க வேண்டும். அந்தக் குழாய் இல்லாத மெஷினில் ஃபில்டரை ஒரேயடியாகக் கழற்றினால் தரையெல்லாம் வெள்ளம்தான். சிறிது சிறிதாகத் திருகுங்கள்.

ஃபில்டரில் என்னவெல்லாம் கிடைக்கும் என்பது வீட்டுக்கு வீடு மாறும். எங்களுக்குக் கிடைத்தவை சட்டைப் பொத்தான், நாணயம், கொண்டை ஊசி, கூழாகிப்போன காகிதம். ஆனால் ஃபில்டரை மட்டும் கழுவி மாட்டிவிட்டால் வேலை பாதிதான். அது இருந்த குழிக்குள் டார்ச் அடித்துப் பார்த்தால் பம்ப்பின் சிறிய விசிறி தெரியும். எங்கள் மெஷினில் தலைமுடியும் நூலும் சேர்ந்து, விசிறியின் அடியில் கறுப்புக் கயிறாக இறுகியிருந்தன. இடுக்கியால் முறுக்கி முறுக்கி இழுத்தபோதுதான் வந்தது. பிறகு விசிறியை விரலால் சுற்றிப் பாருங்கள். வழுக்கிக்கொண்டு சுற்றாது, விட்டு விட்டு நகரும். உள்ளிருக்கும் காந்தத்தால் அப்படி. அதைப் பழுது என்று எண்ணி நல்ல பம்ப்பை மாற்றிவிடாதீர்கள்.

ஃபில்டர் சுத்தமாக இருந்தும் வடியாவிட்டால் வெளியேற்றும் குழாயைப் பாருங்கள். மெஷினைச் சுவரோடு நெருக்கித் தள்ளும்போது அது மடங்கிவிடுவது அடிக்கடி நடக்கும். முன்கதவு மெஷின்களில் பெரும்பாலானவற்றுக்குக் குழாயின் முனை தரையிலிருந்து 60 முதல் 100 சென்டிமீட்டர் உயரத்தில் இருக்க வேண்டும். மிகவும் உயர்த்தினால் பம்ப் திணறும். மிகவும் தாழ்த்தினால் நிரம்பும் தண்ணீர் தானாகவே ஓடிவிடும். மேல்மூடி மெஷின்களில் பலவற்றுக்குப் பம்ப்பே கிடையாது. வால்வு திறந்ததும் தண்ணீர் தானே இறங்கும். அவற்றில் குழாய் தரையோடு கிடக்க வேண்டும். தூக்கிக் கட்டினால் வடியாது.

சோப்புத்தூள் அதிகமானாலும் இதே தொல்லை வரும். நுரை பம்ப்புக்குள் புகுந்தால் விசிறி காற்றைத்தான் கடையும், தண்ணீரைத் தள்ளாது. அளவைக் குறைத்த பிறகு எங்கள் வீட்டில் ஃபில்டரில் படியும் வழுவழுப்பும் வெகுவாகக் குறைந்தது.

பம்ப்பை ஒருமுறை மாற்றவும் நேர்ந்தது. அடைப்பு ஏதுமில்லாமலே முனகத் தொடங்கியிருந்தது. இத்தனை ஆண்டு உழைத்த பாகம் தேய்வது இயல்பு. அதற்காக மெஷினைக் குறைசொல்ல மாட்டேன். நான் குறைசொல்வது வடிவமைப்பை. ஃபில்டரின் கதவைத் திறக்கவே ஸ்குரூ டிரைவர் வேண்டியிருக்கிறது, அவசரத்துக்குத் தண்ணீர் வடிக்கும் சிறு குழாயும் இல்லை. மாதம் ஒருமுறை திறக்க வேண்டிய இடத்தை இப்படி அடைத்துவைப்பது நியாயமே இல்லை. அடுத்த மெஷின் வாங்கும்போது துவைப்பு வகைகள் எத்தனை என்று பார்ப்பதற்கு முன், கீழே குனிந்து அந்தக் கதவைத்தான் திறந்து பார்ப்பேன்.