பறக்கும் ரயிலில் குறையில்லை, படியிறங்கினால்தான் வழக்கு

மதுரையிலிருந்து மாற்றலாகி வரும் தோழி ஒருத்தி சென்னையில் வாடகை வீடு தேடிக்கொண்டிருக்கிறாள். "பறக்கும் ரயில் நிலையத்துக்கு ஐந்து நிமிட நடை" என்று சொல்லித் தரகர் ஒரு வீட்டைக் காட்டியிருக்கிறார். "எடுத்துவிடவா அக்கா? நீங்கள் பாதி நாள் அந்த ரயிலில்தானே குடியிருக்கிறீர்கள்" என்று கேட்டாள். உண்மைதான். சென்னைக் கடற்கரை நிலையத்திலிருந்து பெரும்பாலும் தூண்கள்மேல் ஓடும் அந்தப் பாதை வேளச்சேரிவரை நீண்டது 2007 நவம்பரில். அடுத்த ஆண்டுத் தொடக்கத்திலிருந்து நான் அதில் போய்வருகிறேன். போனில் முக்கால் மணி நேரம் பேசியும் பதில் முடியாததால் எழுதுகிறேன்.

நல்லதை முதலிலேயே சொல்லிவிட வேண்டும், பிறகு கோபத்தில் மறந்துபோகும். குறைந்தபட்சக் கட்டணம் 5 ரூபாய். அந்தக் காசுக்கு இந்த ஊரில் இப்போது ஒரு டீகூடக் கிடைக்காது. கோட்டூர்புரம் தாண்டி அடையாற்றின் மேல் ரயில் போகும்போது காலை ஏழேகாலுக்கு ஒரு காற்று வரும். கதவோரம் நிற்பவர்கள் அத்தனை பேரும் அந்த அரை நிமிடம் செல்போனை இறக்கிவிட்டு வெளியே பார்ப்பார்கள். மயிலாப்பூரை நெருங்கினால் மொட்டைமாடிகள். பழைய வேட்டியில் வடாம் பிழிந்து நான்கு மூலையிலும் செங்கல் வைத்திருக்கும் ஒரு மாடியைப் பல கோடைகளாகப் பார்த்துவருகிறேன். அந்த வீட்டுக்காரர் யாரென்று தெரியாது. போன கோடையில் வடாம் காயவில்லை என்றதும் மனம் என்னவோ போலிருந்தது. பஸ்ஸில் போனால் இதெல்லாம் கிடையாது, முன்னால் நிற்கும் லாரியின் பின்பக்கம்தான்.

2023 ஆகஸ்டில் கடற்கரைக்கும் எழும்பூருக்கும் இடையே நான்காவது ரயில் பாதை போடுவதற்காகக் கடற்கரை–சிந்தாதிரிப்பேட்டை இடையே பறக்கும் ரயிலை நிறுத்தினார்கள். ஏழு மாதம் என்றார்கள். மீண்டும் ஓடியது 2024 அக்டோபர் கடைசியில், பதினான்கு மாதம் கழித்து. நடுவில் ஏப்ரல் 19 அன்று மக்களவைத் தேர்தலுக்கு வாக்களித்தோம். தினமும் சிந்தாதிரிப்பேட்டையில் இறங்கி மிச்ச தூரத்துக்கு அல்லாடிக்கொண்டிருந்த எங்களைவிட ஊக்கமான வாக்காளர்கள் அந்த ஆண்டு இருந்திருக்க மாட்டார்கள். ஆனால் எந்தப் பொத்தானை அழுத்தினால் கடற்கரை நிலையத்துக்கு ரயில் வரும் என்றுதான் தெரியவில்லை. இருந்தாலும் அதை மன்னித்துவிட்டேன். வேலை நடந்தது, முடிந்தது, ரயில் வந்தது.

வேளச்சேரிக்கும் பரங்கிமலைக்கும் இடையிலான ஐந்து கிலோமீட்டர் கதையையும் தோழிக்குச் சொன்னேன். நில எடுப்பு வழக்குகளில் மாட்டி, 2009 முதல் 2024 வரை மக்களவை, சட்டமன்றம் என்று ஏழு தேர்தல்கள் போகும்வரை அதில் ரயில் ஓடவில்லை. அதுவும் எனக்குப் பெரிய குறையில்லை. நான் அந்தப் பக்கம் போவதில்லை.

என் குறை ஒரு நிழற்குடை.

எங்கள் நிலையத்தின் கடைசிப் படியிலிருந்து நாற்பது தப்படியில் இருக்கிறது. 2016 தேர்தல் தேதி அறிவிப்பதற்குச் சில வாரங்களுக்கு முன் திறந்தார்கள். வாழைமரம் கட்டி, நாகஸ்வரம் வைத்து, சாக்லேட் கொடுத்தார்கள். எனக்கும் இரண்டு கிடைத்தது. கிரானைட் தரை, துளையிட்ட எஃகு இருக்கை, தொகுதி மேம்பாட்டு நிதியில் கட்டியதாக நெற்றியில் ஆளுயரப் பெயர்ப்பலகை. பஸ் எண்களை எழுத மட்டும் இடம் விட மறந்துவிட்டார்கள். பரவாயில்லை, எழுதினாலும் பயனில்லை. அங்கே பஸ் நிற்பதில்லை.

ஓட்டுநர்கள் மேல் தவறில்லை. நிழற்குடை இருப்பது சிக்னலுக்குச் சற்று முன்னால், சாலையின் இடது ஓரத்தில். எங்களுக்கு வேண்டிய பஸ்கள் எல்லாமே அந்தச் சிக்னலில் வலது பக்கம் திரும்புகின்றன. நெரிசல் நேரத்தில் இடது ஓரம் ஒதுங்கி ஆளேற்றிவிட்டு மூன்று வரிசை வண்டிகளைக் குறுக்கே வெட்டி வலது பக்கம் போக எந்த ஓட்டுநரால் முடியும்? அதனால் இருநூற்றுப் பத்து தப்படி பின்னால், ஒரு மின்மாற்றியின் அருகே நிறுத்துகிறார்கள். (எண்ணித்தான் சொல்கிறேன், இரண்டு முறை.) இடத்தைத் தேர்ந்தவர் ஒரே ஒரு நாள் காலை எட்டரை மணிக்கு அங்கே வந்து நின்றிருந்தால் போதும். மழை பெய்தால் எல்லோரும் நிழற்குடைக்குள் நிற்போம். தூரத்தில் பஸ் தலை தெரிந்ததும் மின்மாற்றியை நோக்கி ஓடுவோம். கைக்குழந்தைக்காரர்கள் முதலிலேயே மின்மாற்றிக்கடியில் போய் நனைந்துகொண்டு நிற்பார்கள். பூக்காரம்மா ஒருவருக்கு மட்டும் அந்த எஃகு இருக்கை பத்தாண்டுகளாகக் குறையில்லாமல் உழைக்கிறது.

தேர்தல் அறிவித்து நடத்தை விதிகள் வந்ததும் பெயர்ப்பலகையின் மேல் வெள்ளைத்தாள் ஒட்டிவிடுவார்கள். வாக்காளர் மனம் மயங்கிவிடக் கூடாதாம். முடிந்ததும் யாரும் உரிப்பதில்லை. அடுத்த தேர்தலுக்கு அதன் மேலேயே இன்னொன்று. பசை காய்ந்து ஓரம் சுருண்டு, இப்போது பெயரில் நடுவெழுத்து இரண்டு மட்டும் தெரிகிறது.

மனு கொடுத்திருக்கிறேன், நான்கு முறை. நிழற்குடை ஓர் அலுவலகம், பஸ் இன்னோர் அலுவலகம், சாலை வேறொன்று, ரயில் அதற்கும் வேறு. நான்கிலிருந்தும் "தங்கள் மனு உரிய துறைக்கு அனுப்பப்பட்டுள்ளது" என்று ஒரே வாசகத்தில் பதில் வந்தது. இவற்றை ஒருங்கிணைக்கத்தான் 2010இலேயே சென்னைக்கென்று ஒருங்கிணைந்த போக்குவரத்துக் குழுமச் சட்டம் போட்டார்கள். முதலமைச்சர் தலைமையில் அந்தக் குழுமம் முதன்முதலாகக் கூடியது 2022 நவம்பரில். 2025 செப்டம்பரில் 'சென்னை ஒன்று' செயலியும் வந்துவிட்டது. பஸ், மெட்ரோ, புறநகர் ரயில் மூன்றுக்கும் ஒரே க்யூஆர் டிக்கெட். நன்றாகவே இருக்கிறது. செல்போனுக்குள் ரயிலிலிருந்து பஸ்ஸுக்கு மாற ஒரு நொடிகூட ஆவதில்லை.

2021 பிரசாரத்தின்போது ஒரு வேட்பாளர் காலை ஏழு மணிக்கே படிக்கட்டடியில் கைகூப்பி நின்றார். வாக்குக் கேட்க வந்தவர்களில் காதுகொடுத்துக் கேட்டவர் அவர் ஒருவர்தான், அதனால் சொன்னேன். கையைப் பிடிக்காத குறையாக நிழற்குடையைக் காட்டி, "இதைப் பாருங்கள் ஐயா" என்றேன். நிமிர்ந்து பார்த்தார். "கவலைப்படாதீர்கள் அம்மா, நாங்கள் வந்தால் இதைவிடப் பெரிதாகக் கட்டித்தருகிறோம்" என்றார். "கட்டாதீர்கள், பஸ்ஸை நிறுத்துங்கள்" என்றேன். உடன் வந்தவரிடம், "குறித்துக்கொள், பஸ்ஸை நிறுத்த வேண்டுமாம்" என்றார். எந்தப் பொருளில் குறித்துக்கொண்டார்களோ, அன்று முதல் பயந்துகொண்டே இருக்கிறேன்.

தோழிக்குச் சொல்ல வேண்டிய பதில்: எடுக்காதே. ரயில் அருமை, காற்று அருமை, 5 ரூபாய் அருமை, வீட்டை எடுக்காதே. நேற்று மாலை மழையில் ஓடி, பஸ்ஸையும் விட்டு, செருப்பு வாரும் அறுந்து வந்து உட்கார்ந்து எழுதுகிறேன் என்பதையும் கணக்கில் வைத்துக்கொள். என் வீட்டு உரிமையாளர் அடுத்த மாதம் வாடகையை ஏற்றுகிறார். சரி என்று சொல்லிவிட்டேன். அது வேறு விஷயம்.

இதை எழுதி முடிப்பதற்குள் அவளிடமிருந்து செய்தி வந்துவிட்டது, முன்பணம் கொடுத்துவிட்டாளாம். அப்படியானால் மடக்குக் குடை வாங்காதே. நிலையத்துப் படியில் அடிக்கும் காற்றுக்கு அது நிற்காது, திரும்பிக்கொள்ளும். நீளக் கம்பிக் குடையாக வாங்கு. மின்மாற்றிக்கு இடது பக்கமாக நில், வலது பக்கம் தண்ணீர் தேங்கும்.