வெண்புள்ளிக்கு ஸ்டீராய்டா, டாக்ரோலிமஸா, லைட்டா?

வெண்புள்ளின்னதுமே நம்ம ஊர்ல எல்லாரும் மீனையும் தயிரையும் சேத்து தின்னியான்னுதான் கேப்பாங்க. அதெல்லாம் இல்லங்க, உடம்போட எதிர்ப்பு சக்தியே நிறம் குடுக்குற செல்லப் போட்டு அழிக்குது, தொட்டா ஒட்டவும் ஒட்டாது. ஸ்டீராய்டு அந்த அழிக்குற வேலைய அமுக்குது, அதனாலதான் டாக்டருங்க எழுதுறாங்க.

ஸ்டீராய்டு கிரீம்னு பாத்தா மொமெட்டாசோன், க்ளோபெட்டசால் எல்லாம் விலை கம்மி, புதுசா வந்த சின்னத் திட்டுக்கு நல்லாவே கேக்கும். திட்டுக்குள்ள முடி வேரச் சுத்தி கடுகு கடுகா பழுப்பு விழுந்தா நிறம் திரும்புதுன்னு அர்த்தம். அங்க முடியே வெளுத்துருச்சுன்னா எதுக்கும் லேசுல மசியாது, விரல் நுனியும் உதடும் அப்படித்தான்.

ஆனா மாசக்கணக்கா விடாம தேச்சா தோலு மெலிஞ்சு உள்ள ஓடுற ரத்தக்குழாய் செவசெவன்னு தெரியும், அக்குள் தொடையிடுக்குல வரி விழும், இமையில போட்டா கண் பிரஷர், புரை வரைக்கும் போகும். அதனால முகம், இமை, கழுத்துக்கு என் ஓட்டு டாக்ரோலிமஸுக்குத்தான், இது ஸ்டீராய்டு இல்லாத களிம்பு, இதுவும் எதிர்ப்பு சக்தியத்தான் அமுக்கும். தோலு மெலியாது. விலை கூட, மொத வாரம் காந்தும், அதுவும் சித்திரை வெயில்ல தேச்சுட்டு மதுரை மாசி வீதியில நடந்தீங்கன்னா போதும் போதும்னு ஆயிரும்.

திட்டு மளமளன்னு பரவுச்சுன்னா ஸ்டீராய்டு மாத்திரை. வாரத்துல அடுத்தடுத்து ரெண்டு நாள் மட்டும் போடுற முறை, பரவுறத நிறுத்தத்தான் இது, நிறம் திரும்ப இத மட்டும் நம்ப முடியாது. எடை ஏறும், பரு வரும், தூக்கம் கெடும், பொம்பளைங்களுக்கு பீரியட்ஸ் தள்ளும். சுகர், பிரஷர் இருந்தாலோ முன்னாடி டிபி வந்திருந்தாலோ டாக்டர்ட்ட மறைக்காம சொல்லிருங்க, நீங்களா பட்டுன்னு நிறுத்தவும் செய்யாதீங்க.

உடம்பு பூரா இருந்தா 311 நானோமீட்டர் லைட்தான் பெஸ்ட், அதாவது ஆஸ்பத்திரியில தோல்ல காட்டுற புறஊதா ஒளி, மாசமா இருக்குறவங்களுக்கே குடுக்குறாங்க. வாரம் ரெண்டு மூணு தடவை, அதுவும் மாசக்கணக்குல. உசிலம்பட்டியில இருந்து ஆரப்பாளையத்துக்கு பஸ் ஏறி வர்றவருக்கு ஒவ்வொரு தடவையும் ஒரு நாள் கூலி போச்சு, அவருக்கு கிரீம் எழுதுறதுல நியாயம் இருக்கு. ரெண்டையும் சேத்துக் குடுக்குறதும் உண்டு. ஆபரேஷன்லாம் ஒரு வருஷமா பரவாம இருந்தா மட்டும்.

இதெல்லாத்தையும் விட எனக்கு பயம் மெடிக்கல் ஷாப்தான். எங்க மதினி போயி "அண்ணே, முகத்துக்கு ஒரு டியூப் குடுங்க"ன்னு கேட்டதுக்கு மங்குக்கு, அதான் முகத்துல விழுற கருந்திட்டுக்குப் போடுற மூணு மருந்து கலந்த கிரீமக் குடுத்துட்டாங்க. அதுல மொமெட்டாசோனோட ஹைட்ரோகுவினோனும் இருக்கு, அது நிறத்தக் கொறைக்குற சாமான், வெண்புள்ளிக்கு நேர் எதிரி. நல்லவேளை, தேய்க்கிறதுக்கு முன்னாடி அட்டையப் படிச்சுப் பாத்தோம்.

அப்புறம், தைராய்டு டெஸ்ட் எழுதினா காசு புடுங்குறாங்கன்னு நெனச்சு விட்றாதீங்க, வெண்புள்ளி இருக்குறவங்கள்ல நிறைய பேருக்கு அதுவும் சேந்தே இருக்கும்.